பழைய விண்டோஸ் செட்டப்பை எதில் வைத்திருப்பது: டிவிடியா, பென்னா, ஹார்ட் டிஸ்க்கா?

பழைய கொம்பியூட்டர் எழும்பாமல் கிடக்கும்போதுதான் அதன் விண்டோஸ் சீடியின் நினைவு வரும். அலுமாரிக்குள் தேடினால் கலியாண வீடியோ டிவிடிகள் பத்து இருக்கும், செட்டப் சீடி இராது. இருந்தாலும் கீறல் விழுந்திருக்கும். புதுக்குடியிருப்பிலிருந்தோ மல்லாவியிலிருந்தோ சிபியூவை பஸ்ஸில் ஏற்றிக் கிளிநொச்சிக்குக் கொண்டுவந்தால் கடையில் விண்டோஸ் 10 போட்டுத் தருவார்கள். வந்தவருக்கு வேண்டியது 10 அல்ல. யூனிகோட்டுக்கு முந்திய பாமினி எழுத்துருவில் பத்து வருட ஆவணங்களும், பக்கம் அமைக்கும் பேஜ்மேக்கரும், 64 பிட் விண்டோஸுக்கு டிரைவரே (இயக்கும் மென்பொருளே) இல்லாத பிரிண்டரும் ஓடிக்கொண்டிருந்த அதே விண்டோஸ் எக்ஸ்பிதான் வேண்டும்.

எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8இல் நின்றது. விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14, 8.1க்கு 2023 ஜனவரி 10, விண்டோஸ் 10க்கு 2025 ஒக்டோபர் 14. ஏழின் செட்டப்பைத் தந்த பக்கத்தை மைக்ரோசொஃப்ட் எடுத்துவிட்டது. பத்தின் பக்கம் என்றைக்கும் இருக்கும் என்று யாரும் எழுதித் தரவில்லை. எனவே கையில் ஒரு கொப்பி வைத்திருக்கவேண்டும் என்பதில் வழக்கு இல்லை. எதில் வைப்பது என்பதில்தான் ஆளுக்கொரு கதை.

சட்டம் பற்றியும் சிலர் கேட்பதுண்டு. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், முறையாக வாங்கிய கணினி நிரல் தொலைந்தாலோ பழுதானாலோ ஈடுசெய்ய அதன் சொந்தக்காரர் ஒரு கொப்பி எடுத்து வைக்க இடம் தருகிறது. அதை விற்கவோ ஊருக்கெல்லாம் பங்கிடவோ இடம் தரவில்லை.

## எதை வைத்து நிறுப்பது

முதலாவது கேள்வி, படுத்துக் கிடக்கும் இயந்திரமே அதை வாசிக்குமா என்பது. மற்றக் கேள்விகள் எல்லாம் இதற்குப் பிறகுதான். உங்கள் புது லப்டொப்பில் அழகாகத் திறக்கும் பென் டிரைவ், 2005ஆம் ஆண்டு மதர்போர்டில் ஒரு பிளாஸ்டிக் துண்டு.

இரண்டாவது, சீற் கூரைக்குக் கீழே வைகாசி வெயிலையும், பிறகு மாரி ஈரத்தையும் அது தாங்குமா. மூன்றாவது, வைரஸோ தெரியாத கையோ அதைக் கெடுக்க முடியுமா. நான்காவது, இன்ரநெற் இல்லாமல் வேலையைக் கடைசிவரை முடிக்க முடியுமா. ஐந்தாவது, உள்ளே இருப்பது கலப்படமில்லாத கொப்பிதான் என்று காட்ட முடியுமா.

விலையைக் கடைசியில் விட்டது வேண்டுமென்றுதான். இந்தச் சாமான்களின் விலை வித்தியாசம், சிபியூவோடு இரண்டுமுறை கிளிநொச்சிக்குப் போய்வரும் செலவுக்குள் அடங்கிவிடும்.

## டிவிடியும் சீடியும்

இதைப் பழங்காலச் சாமான் என்று ஒதுக்குகிறவர்கள் பென்டியம் 4 காலத்துக் கொம்பியூட்டர்களை மறந்துவிடுகிறார்கள். அந்தக் காலத்து மதர்போர்டுகளில் பல, யூஎஸ்பியிலிருந்து பூட் ஆகமாட்டா (எழும்பமாட்டா). ஆகிறவையும் யூஎஸ்பி எச்டிடி, யூஎஸ்பி ஸிப், யூஎஸ்பி எஃப்டிடி என்று மூன்று பெயரைக் காட்டி அலைக்கழிக்கும். எக்ஸ்பியும் பென்னிலிருந்து போடுவதற்கென்று செய்யப்பட்டதல்ல. ஐஎஸ்ஓவை (முழுச் சீடியையும் ஒரே கோப்பாக்கிய பிரதியை) அப்படியே பென்னில் எழுதினால் தொடங்கவே மாட்டாது, அல்லது பாதி வழியில் சீடியைக் கேட்டுக்கொண்டு நிற்கும். குறுக்குவழி மென்பொருள்கள் இருக்கின்றன. ஆனால் ஒரு சீடி இருந்தால் அந்தத் தலையிடியே இல்லை.

எக்ஸ்பி சீடிக்கு இன்னொரு தேவையும் உண்டு, பலர் அதை நினைப்பதில்லை. எக்ஸ்பியில் தமிழ் யூனிகோட் சரியாகத் தெரிய, ரீஜனல் அமைப்புக்குள் போய்ச் சிக்கலான எழுத்துகளுக்கான கோப்புகளை நிறுவவேண்டும். அந்த நேரத்தில் அது சீடியைக் கேட்கும். அதைச் செய்யாவிட்டால் கொம்புகளும் சுழிகளும் எழுத்தை விட்டுத் தனியே நிற்கும். பாமினியோடு மட்டும் வேலை செய்தவர்களுக்கு இது உறைக்காது. யாராவது யூனிகோட்டில் ஒரு விண்ணப்பத்தை அனுப்பும் நாளில் உறைக்கும்.

அளவைப் பார்ப்போம். எக்ஸ்பி சர்விஸ் பக் 3 ஏறக்குறைய 600 எம்பி, 700 எம்பி சீடியில் அடங்கும். விண்டோஸ் 7, 32 பிட் 2.4 ஜிபி, 64 பிட் 3.1 ஜிபி. இவை சாதாரண 4.7 ஜிபி டிவிடிக்குள் போகும் (விண்டோஸ் அந்த டிவிடியை 4.37 ஜிபி என்றுதான் காட்டும், பயப்படவேண்டாம்). விண்டோஸ் 10இன் கடைசிப் பதிப்பான 22எச்2, 64 பிட் ஐஎஸ்ஓ 5.7 ஜிபி அளவில் வரும். அது போகாது. 8.5 ஜிபி இரட்டைப் படை டிவிடி தேடவேண்டும். அதுவும் எளிதில் கிடைக்காது, பழைய றைட்டர்கள் அதை எழுதி முடிப்பதும் அருமை. ஆகவே 64 பிட் பத்துக்கு வந்ததும் டிவிடியின் ஆட்சி முடிகிறது.

எழுதும் முறையில்தான் தட்டின் ஆயுள் இருக்கிறது. 16 மடங்கு வேகம் என்று அட்டையில் போட்டிருந்தாலும் 4 அல்லது 8இல் எழுதுங்கள். எழுதி முடிந்ததும் சரிபார்க்கும் தெரிவை நிறுத்தாதீர்கள். பிறகு அதே தட்டை *வேறொரு* கொம்பியூட்டரின் டிரைவில் போட்டுப் பாருங்கள். எழுதிய டிரைவ் தன் எழுத்தைத் தானே வாசிப்பதில் பெருமை இல்லை. யூபிஎஸ் இல்லாமல் எழுதவேண்டாம். நடுவில் கரண்ட் போனால் அந்தத் தட்டைத் தோட்டத்தில் குருவி கலைக்கக் கட்டித் தொங்கவிடலாம்.

எழுதும் டிவிடியின் உள்ளே இருப்பது ஒரு சாயப் படை. வெளிச்சமும் சூடும் அதைத் தின்னும். யன்னலோரம் வேண்டாம், கூரைக்கு நெருங்கிய தட்டிலும் வேண்டாம். கடதாசி உறையில் வைத்தால் ஈரம் பிடிக்கும், கறையான் வேறு வரும். கட்டியான பிளாஸ்டிக் பெட்டிக்குள் நிமிர்த்தி வையுங்கள். குமிழ்முனைப் பேனையால் தட்டின்மேல் எழுதுவதும் ஸ்ரிக்கர் ஒட்டுவதும் கூடாது. முன்னது மேற்படையைக் கீறும், பின்னது சுழலும்போது தட்டை ஒருபக்கம் இழுக்கும். மார்க்கரால் நடு வளையத்தில் எழுதினால் போதும்.

மறைந்திருக்கும் செலவு தட்டில் இல்லை, டிரைவில் இருக்கிறது. இப்போதைய லப்டொப்பில் டிரைவ் வருவதில்லை. யூஎஸ்பி டிவிடி றைட்டர் ஒன்று வாங்கவேண்டும். பழைய லப்டொப்பின் ஒற்றை யூஎஸ்பி போர்ட் சிலவேளை அதற்குப் போதிய மின்சாரம் தராது. தட்டு சுழலத் தொடங்கி நின்று நின்று போகும். இரண்டு தலையுள்ள கேபிளால் இரண்டு போர்ட்டிலும் செருகினால் சரிவரும். டெஸ்க்டொப்பின் டிரைவோ சோளகக் காற்றோடு வரும் புழுதியில் கண் மங்கிப்போயிருக்கும். கடைக்காரர்கள் எறியும் பழைய ஐடிஈ, சாட்டா (மதர்போர்டோடு இணைக்கும் பழைய, புதிய முறைகள்) டிரைவ்களில் வேலை செய்கிற ஒவ்வொன்றை எடுத்து வைப்பது, நூறு வெறுந்தட்டு வாங்குவதைவிடப் பெரிய காரியம்.

வைரஸ் பக்கத்தில் டிவிடிக்கு நிகர் எதுவும் இல்லை. எழுதி மூடிய தட்டில் எந்த வைரஸும் ஏறாது.

## பென் டிரைவ்

கோர் 2 டூவோவும் அதற்குப் பிந்தியவையும் என்றால் பென்தான் கைக்கு இலகு. ஒரு பென்னுக்கு ஒரு விண்டோஸ் என்றிருந்த காலம் போய்விட்டது. வென்டோய் என்ற மென்பொருளை ஒருமுறை பென்னில் நிறுவிவிட்டால் ஐஎஸ்ஓக்களை வெறுமனே கொப்பி பண்ணினால் போதும். பூட் ஆகும்போது பட்டியல் காட்டி எது வேண்டும் என்று கேட்கும். ஏழு இரண்டு வகை, 8.1, பத்து இரண்டு வகை, பதினொன்று, ஒரு லினக்ஸ் மின்ட் என்று சேர்த்தால் 30 ஜிபியைச் சுற்றி வரும். 32 ஜிபி பென் நெருக்கும், 64 வாங்குங்கள். அதற்கு மேலே பெரிதாகப் போகவேண்டாம். சில பழைய பயோஸ்கள் (மதர்போர்டில் முதலில் ஓடும் நிரல்கள்) 137 ஜிபிக்கு அப்பால் இருப்பதைக் காணமாட்டா, பட்டியலில் பெயர் இருக்கும், தெரிவுசெய்தால் வாசிக்காமல் நிற்கும்.

வென்டோய் வேண்டாம், ரூஃபஸ் என்ற எழுதும் கருவியால் ஒவ்வொன்றாக எழுதுவோம் என்றால் ஒரு விஷயம் தெரிந்திருக்கவேண்டும். விண்டோஸ் 10 ஐஎஸ்ஓவின் உள்ளே இருக்கும் பெரிய கோப்பு 4 ஜிபியைத் தாண்டும். ஃபட்32 முறையில் ஃபோர்மட் செய்த பென் 4 ஜிபிக்கு மேற்பட்ட தனிக்கோப்பை ஏற்காது. "இடம் இருக்கிறது, ஆனாலும் கொப்பி ஆகுதில்லை" என்று வரும் முறைப்பாடுகளில் முக்கால்வாசி இதுதான்.

பென்னோடு விண்டோஸ் 7 போடப்போகிறவர்களுக்கு ஒரு தனிப் பொறி காத்திருக்கிறது. ஏழின் செட்டப்புக்குள் யூஎஸ்பி 3 டிரைவர் இல்லை. நீல போர்ட்டில் பென்னைச் செருகித் தொடங்கினால், சீடி டிரைவர் இல்லை என்று ஒரு பொருத்தமில்லாத செய்தி காட்டும். பலர் அதை நம்பி டிவிடி டிரைவைக் கழற்றிப் பார்க்கிறார்கள். கறுப்பு யூஎஸ்பி 2 போர்ட்டுக்கு மாற்றினால் பெரும்பாலும் சரி. இன்ரெலின் 6ஆம் தலைமுறையும் அதற்குப் பிந்தியவையும் என்றால் அதுவும் உதவாது. அவற்றில் பழைய யூஎஸ்பி 2 கட்டுப்படுத்தியே இல்லை; செட்டப் திரை வரும், மவுஸும் கீபோர்டும் அசையா. வழி இரண்டு: சாட்டாவில் பூட்டிய டிவிடி டிரைவோடு வட்டச் செருகியுள்ள பிஎஸ்2 கீபோர்ட் (போர்ட் இருந்தால்), அல்லது யூஎஸ்பி 3 டிரைவரை முன்கூட்டியே செட்டப் கோப்புக்குள் ஏற்றிச் செய்த ஐஎஸ்ஓ. இரண்டாவதைச் செய்கிறவர்கள் பூட் கோப்பு, இன்ஸ்டோல் கோப்பு இரண்டிலும் ஏற்றவேண்டும். ஒன்றை மட்டும் செய்தால் விண்டோஸ் ஏறி முடிந்த பிறகு மவுஸ் செத்துப் போகும். அந்த இயந்திரங்களில் பயோஸில் சிஎஸ்எம் என்ற, பழைய பூட் முறைக்கான தெரிவையும் திறந்துவிடவேண்டும்.

இனி பென்னின் நோய்கள்.

பென் மின்னேற்றத்தைச் சேமித்து வைக்கும் சில்லு. செருகாமல் வருடக்கணக்கில் கிடந்தால் ஏற்றம் மெல்ல வடியும், சூடு அதை விரைவாக்கும். மேசை லாச்சிக்குள் மூன்று வருடம் கிடந்த மலிவுப் பென் "கோப்பு பழுது" என்று பாதியில் நிற்பது இதனால்தான். இடைக்கிடை செருகிப் பார்ப்பது மட்டும் மருந்தாகாது. வருடத்துக்கு ஒருமுறை அழித்துத் திரும்ப எழுதவேண்டும்.

இரண்டாவது நோய் போலி அளவு. 64 என்று அச்சடித்த பென்னுக்குள் 8 இருக்கும். கொப்பி பண்ணும்போது எல்லாம் சரியாகப் போகும், வாசிக்கும்போதுதான் வண்டவாளம் தெரியும். வாங்கிய அன்றே எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சோதனை மென்பொருள் கொண்டு முழுவதும் எழுதி வாசித்துப் பாருங்கள். இரண்டு மணித்தியாலம் போகும், போகட்டும்.

மூன்றாவது, நம் ஊர்க் கொமினிகேஷன் கடைகளின் தேசிய நோய்: கோப்புகளை மறைத்துச் சோட்கட்டுகளைக் காட்டும் சோட்கட் வைரஸ். வாடிக்கையாளரின் கொம்பியூட்டரில் ஒருமுறை செருகிய செட்டப் பென் பிறகு போகுமிடமெல்லாம் அதை விதைக்கும். இதற்கு மலிவான மாற்று ஒன்று உண்டு. பக்கத்தில் பூட்டுத் துருத்தியுள்ள முழு அளவு எஸ்டி கார்டும் அதற்கான ரீடரும் வாங்கி, எழுதிய பிறகு துருத்தியைக் கீழே தள்ளிவிடுங்கள். பெரும்பாலான ரீடர்கள் அதற்குமேல் எழுத விடமாட்டா.

## வெளி ஹார்ட் டிஸ்க்

செட்டப் மட்டுமல்லாமல் டிரைவர்கள், மென்பொருள்கள், இமேஜ்கள் (டிஸ்க்கின் முழுப் பிரதிகள்) எல்லாவற்றையும் ஒன்றாக வைக்க இதைவிட மலிவான இடம் இல்லை. 1 டிபி டிஸ்க்கில் ஒரு பாடசாலையின் தேவை முழுவதும் அடங்கும். பூட் பண்ணுவதற்கு இதை நம்பாதீர்கள்; மூலக் கொப்பியை வைக்கும் பெட்டகமாக வையுங்கள்.

ஃபோர்மட் செய்யும்போது எக்ஸ்ஃபட் தெரிவு கண்ணில் படும். விடுங்கள், என்டிஎஃப்எஸ் போடுங்கள். எக்ஸ்ஃபட்டுக்கு, செய்யும் மாற்றங்களைக் குறித்துவைக்கும் ஜேர்னல் இல்லை. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் கோப்பு அட்டவணையே குழம்பக்கூடும். எக்ஸ்பியும் மேலதிகத் திருத்த இணைப்பு போடாமல் எக்ஸ்ஃபட்டை வாசிக்காது. 32 பிட் எக்ஸ்பி ஜிபிடி என்ற புதிய பிரிப்பு முறையிலுள்ள டிஸ்க்கையும் காணாது. பழைய எம்பிஆர் பிரிப்பு முறையில், 2 டிபிக்குள் வைத்துக்கொண்டால் எக்ஸ்பி முதல் பதினொன்று வரை எல்லாம் வாசிக்கும்.

இதன் எதிரி விழுகை. சுழலும்போது மேசையிலிருந்து விழுந்தால் கதை முடிந்தது, உள்ளே இருந்ததெல்லாம் ஒன்றாகப் போய்விடும். இரண்டு டிஸ்க் வைத்திருந்தாலும் இரண்டும் ஒரே வீட்டில் இருந்தால் கணக்கு ஒன்றுதான். 2018 டிசம்பர் வெள்ளம் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வீட்டுக்குள் எவ்வளவு உயரத்துக்கு வந்தது என்று அங்கே இருந்தவர்களுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. ஒன்றை இன்னொரு ஊரிலுள்ள உறவினர் வீட்டில், மேல்தட்டில் வையுங்கள். உறுதியும் பிறப்புச் சான்றிதழும் இருக்கும் அந்தப் பிளாஸ்டிக் பைக்குள்ளேயே இதற்கும் இடம் இருக்கும்.

## வேண்டும்போது தரவிறக்குவது

கையில் எதையும் வைக்காமல் தேவை வரும்போது எடுக்கலாம் என்பது கொழும்பில் சரிவரலாம். செக்கனுக்கு 4 மெகாபிட் வரும் இணைப்பில் 5.7 ஜிபி இறங்க மூன்று மணித்தியாலத்துக்கு மேல் வேண்டும். ஒட்டுசுட்டான் பக்கம் சிக்னல் ஒரு கட்டையில் நின்றால் விடியும்வரை. மைக்ரோசொஃப்ட் தரும் ஐஎஸ்ஓ இணைப்பு 24 மணித்தியாலம் மட்டுமே செல்லும். நடுவில் அறுந்து அடுத்தநாள் தொடர நினைத்தால் புதிதாகத் தொடங்கவேண்டிவரும். இரவுநேர டேட்டாவில், விட்ட இடத்திலிருந்து தொடரக்கூடிய டவுன்லோட் மனேஜரோடு, ஒரே இரவில் முடியுங்கள்.

ஒரு கைவழி: விண்டோஸ் கொம்பியூட்டரிலிருந்து பத்தின் பக்கத்துக்குப் போனால் மீடியா கிரியேஷன் டூல் என்ற தயாரிப்புக் கருவியை மட்டும் நீட்டும். அதே பக்கத்தைப் போனில் திறந்தால் ஐஎஸ்ஓவையே தரும். இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. நேரே எடுத்த ஐஎஸ்ஓவுக்கு மைக்ரோசொஃப்ட் தன் பக்கத்திலேயே, கோப்பு மாறவில்லை என்று ஒத்துப்பார்க்கும் சரிபார்ப்பு எண் கொடுத்திருக்கிறது. டூல் செய்து தரும் ஐஎஸ்ஓ உங்கள் இயந்திரத்திலேயே கட்டப்படுவதால் அந்த எண்ணோடு ஒத்துவராது.

ஏழையும் எக்ஸ்பியையும் இந்த வழியில் தேடினால் முன்பின் தெரியாத தளங்களில்தான் முடியும். "லைட்", "அல்டிமேட் எடிஷன்", "எல்லா டிரைவரும் உள்ளே" என்று வருபவை யாரோ பிரித்துத் திரும்பக் கட்டியவை. உள்ளே என்ன வைத்துக் கட்டினார் என்பது அவருக்கும் கடவுளுக்கும் தெரியும். பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்துக் கணக்கை அதில் ஓட்டவேண்டாம்.

## லப்டொப்புக்குள்ளேயே ஒளிந்திருக்கும் பார்ட்டிஷன்

பிராண்ட் லப்டொப்களில் மீட்புக்கென்று ஒரு மறைவுப் பகுதி இருக்கும். எச்பியில் எஃப்11, ஏசரில் ஆல்ட்டும் எஃப்10உம், ஆசுஸில் எஃப்9. டிரைவரெல்லாம் சேர்ந்தே வரும் என்பது இதன் அருமை. ஹார்ட் டிஸ்க் செத்தால் அதுவும் சேர்ந்து சாகும் என்பது இதன் எல்லை.

ஜேர்மனியிலிருந்தும் பிரான்சிலிருந்தும் மாமாமார் அனுப்பிய லப்டொப்களில் இதை அழுத்திவிட்டு முழிக்கிறவர்கள் உண்டு. அது அந்த நாட்டு மொழியிலேயே திரும்ப எழும்பும், கீபோர்ட்டும் அந்த நாட்டு ஒழுங்குக்கு மாறிவிடும். விண்டோஸ் 8உடனோ அதற்குப் பின்னரோ வந்த லப்டொப் என்றால் லைசன்ஸ் சாவி மதர்போர்டிலேயே இருக்கும். அதே எடிஷனின் ஆங்கில ஐஎஸ்ஓவைப் போட்டால் செட்டப் சாவியைத் தானே எடுத்துக்கொள்ளும்.

## செட்டப்பை விட்டு, முழு இமேஜ்

கேட்ட கேள்வி செட்டப் பற்றியது. ஆனால் ஒரு குறித்த இயந்திரத்தை மட்டும் காப்பாற்றவேண்டுமென்றால் செட்டப்பைவிட இமேஜ் நல்லது. குளோன்சில்லா என்ற மென்பொருளால் டிஸ்க்கை அப்படியே எடுத்து வைத்தால் விண்டோஸ், டிரைவர், பிரிண்டர், எழுத்துரு, பேஜ்மேக்கர், அக்டிவேஷன் எல்லாம் ஒரே கோப்புறைக்குள் வந்துவிடும். செட்டப் வழியாக ஒரு நாள் எடுக்கும் வேலை அரை மணித்தியாலத்தில் முடியும். மென்பொருளின் மூல சீடி எப்போதோ தொலைந்துவிட்டது என்றால் இதைத் தவிர வேறு வழியும் இல்லை.

நிபந்தனைகள்: திரும்ப ஏற்றும் டிஸ்க் பழையதன் அளவாவது இருக்கவேண்டும். 500 ஜிபி டிஸ்க்கிலிருந்து எடுத்ததை 240 ஜிபி எஸ்எஸ்டியில் அப்படியே போட முடியாது. முதலில் பார்ட்டிஷனைச் சுருக்கவேண்டும். மதர்போர்ட் மாறினால் எக்ஸ்பி இமேஜ் நீலத்திரையில் 7பி என்று முடியும் பிழையோடு நின்றுவிடும். 32 பிட் இயந்திரத்துக்கு 32 பிட் குளோன்சில்லாவை எடுத்துச் சீடியில் எழுதி வையுங்கள். இமேஜுக்குள் வாடிக்கையாளரின் கோப்புகளும் கடவுச்சொற்களும் இருக்கும் என்பதையும் நினைவில் வைத்து, யார் கையில் கொடுக்கிறீர்கள் என்று பாருங்கள்.

## ஒரே பார்வையில்

| தெரிவு | பழைய இயந்திரத்தில் பூட் | வெயில், மாரி | வைரஸ் | மறைந்த செலவு | பொருந்தும் இடம் |
|---|---|---|---|---|---|
| சீடி, டிவிடி | பென்டியம் 4 முதல் | வெளிச்சமும் ஈரமும் ஆகாது | ஏறாது | வேலை செய்யும் டிரைவ் | எக்ஸ்பி, ஏழு |
| பென் | கோர் 2 டூவோ முதல் | சூட்டில் ஏற்றம் வடியும் | எளிதில் ஏறும் | வருடாந்த மறுஎழுத்து | 7 முதல் 11, லினக்ஸ் |
| வெளி டிஸ்க் | நம்பவேண்டாம் | மூடிய பெட்டியில் நன்று | ஏறும் | இரண்டாவது டிஸ்க் | மூலக் கொப்பி |
| தரவிறக்கம் | இல்லை | பொருந்தாது | தளத்தைப் பொறுத்தது | டேட்டா, ஓர் இரவு | 10, 11 மட்டும் |
| மீட்புப் பகுதி | அந்த லப்டொப் மட்டும் | டிஸ்க்கின் ஆயுள் | ஏறலாம் | மொழி, பழைய பதிப்பு | டிஸ்க் நலமாக இருக்கையில் |
| இமேஜ் | அதே மதர்போர்ட் | வைக்கும் இடத்தைப் பொறுத்தது | எடுத்தபோது இருந்தால் இருக்கும் | பெரிய இடம் | திரும்பக் கிடைக்காத மென்பொருள் |

## செட்டப்போடு சேர்ந்து இருக்கவேண்டியவை

எதில் வைத்தாலும் ஐஎஸ்ஓ மட்டும் போதாது. விண்டோஸ் ஏறிவிடும், இன்ரநெற் வராது. நெற்வேர்க் டிரைவரைத் தரவிறக்க நெற்வேர்க் வேண்டும். ஆகவே இயந்திரம் நன்றாக இருக்கும்போதே டிவைஸ் மனேஜரில் லான் (கேபிள் வலையமைப்பு), வைஃபை, சிப்செட், சாட்டா ஆகிய நான்கின் பெயரையும் எழுதி, அவற்றின் டிரைவர்களை ஒரு கோப்புறையில் போடுங்கள். கோப்புறையின் பெயர் இயந்திரத்தின் மொடலாக இருக்கட்டும். "புதியது 2 கடைசி" என்று பெயர் வைத்தால் ஆறு மாதத்தில் உங்களுக்கே விளங்காது.

எழுதும் கருவிகளுக்கும் வயது உண்டு. ரூஃபஸின் 4ஆம் பதிப்பு விண்டோஸ் 7இல் ஓடாது, ஏழில் ஓடும் கடைசிப் பதிப்பு 3.22. எக்ஸ்பியில் என்றால் 2.18. பிரவுசரும் அப்படித்தான்: ஏழுக்கு குரோம் 109, ஃபயர்ஃபொக்ஸ் 115 ஈஎஸ்ஆர் (நீண்டகால ஆதரவுப் பதிப்பு), எக்ஸ்பிக்கு ஃபயர்ஃபொக்ஸ் 52 ஈஎஸ்ஆர். இவற்றின் முழு ஓஃப்லைன் செட்டப்பை எடுத்து வையுங்கள்.

ஏழுக்குக் கட்டாயம் வேண்டிய மைக்ரோசொஃப்ட் திருத்த இணைப்புகள் இரண்டு: கேபி4490628, கேபி4474419. இவை இல்லாவிட்டால் 2019க்குப் பிறகு கையொப்பமிட்ட அப்டேட்களையும் சில டிரைவர்களையும் ஏழு நம்பாது. 2017 மேயில் உலகை ஆட்டிய வானாக்ரை என்ற கெடுநிரல் புகுந்த ஓட்டையை மூட எக்ஸ்பிக்கு கேபி4012598, ஏழுக்கு கேபி4012212. பிரிண்டர் பகிர்வதற்காக எக்ஸ்பியை லானில் பூட்டி வைத்திருப்பவர்கள் இதைப் போடாமல் விடவேண்டாம். அந்த இயந்திரத்துக்கு இன்ரநெற்றையும் கொடுக்காதீர்கள்.

விண்டோஸ் 10 ஐஎஸ்ஓவை விண்டோஸ் போட்ட பிறகும் அழிக்கவேண்டாம். பழைய கணக்கு மென்பொருள்கள் கேட்கும் டொட்நெற் 3.5 என்ற துணை மென்பொருள், அந்த ஐஎஸ்ஓவின் சோர்சஸ் கோப்புறைக்குள்ளேயே இருக்கிறது. இன்ரநெற் இல்லாமல் அங்கிருந்து நிறுவலாம்.

சிபியூவின் பக்கத்திலோ லப்டொப்பின் அடியிலோ உள்ள சாவி ஸ்ரிக்கர் தேய்ந்து அழிவதற்கு முன் படம் எடுத்து வையுங்கள். ஏழின் ஸ்ரிக்கர்தான் முதலில் போகும். கூடவே, பயோஸின் நேரத்தையும் அமைப்புகளையும் காக்கும் சிஆர்2032 பற்றரி ஒன்றும் கிடக்கட்டும். அடிக்கடி கரண்ட் போய்வரும் இடத்தில் இந்தப் பற்றரி இறந்தால், ஒவ்வொரு முறையும் பயோஸ் பழைய நிலைக்குப் போகும். திகதி பின்னுக்குப் போய் இணையப் பக்கங்கள் பாதுகாப்பில்லை என்று மறுக்கும். சாட்டா முறை (டிஸ்க்கோடு பேசும் முறை) மாறி முன்சொன்ன 7பி நீலத்திரை வரும். விண்டோஸ் கெட்டுவிட்டது என்று நினைத்து ஃபோர்மட் பண்ணிய இயந்திரங்களில் எத்தனையோ ஒரு பற்றரியோடு பிழைத்திருக்கும்.

## யாருக்கு எது

எக்ஸ்பியில் ஓடும் டைப்செட்டிங் கடை, ஸ்ரூடியோ: இன்றைக்கே ஓர் இமேஜ். அதோடு எக்ஸ்பி சீடி இரண்டு பிரதி, வேலை செய்யும் டிரைவ் ஒன்று. எக்ஸ்பியைப் புதிதாக ஏற்றும்போது ஹார்ட் டிஸ்க் தெரியவில்லை என்றால் பயோஸில் சாட்டாவை ஏஎச்சிஐயிலிருந்து ஐடிஈக்கு மாற்றுங்கள். பென் இங்கே வீண்.

பாடசாலைக் கணினி அறை, ரியூசன் நிலையம்: ஒரே மொடலில் பத்து இருபது இயந்திரம் இருக்கும். வென்டோய் பென் இரண்டு, மூலக் கொப்பிக்கு ஒரு வெளி டிஸ்க். பழைய 32 பிட் இயந்திரங்களுக்கு லினக்ஸ் போடும் எண்ணம் இருந்தால் டெபியன் 12 என்ற லினக்ஸின் 32 பிட் ஐஎஸ்ஓவை இப்போதே எடுத்து வைப்பது நல்லது. 2025இல் வந்த டெபியன் 13க்கு 32 பிட் செட்டப் இல்லை.

ஒரு லப்டொப் உள்ள வீடு: விண்டோஸ் 10 அல்லது 11 ஐஎஸ்ஓ உள்ள ஒரு பென், அதே பென்னில் டிரைவர் கோப்புறை. இதற்குமேல் வேண்டாம். டிவிடி றைட்டர் வாங்கச் சொல்கிறவரின் பேச்சைக் கேட்காதீர்கள்.

திருத்தும் கடை: எல்லாம் வேண்டும். முக்கியமாகப் பூட்டிய எஸ்டி கார்ட்.

எல்லோருக்கும் பொதுவான ஒரு வேலை மிச்சம். 7-ஸிப் நிறுவியிருந்தால் ஐஎஸ்ஓவின்மேல் வலது கிளிக் செய்து, சிஆர்சி எஸ்எச்ஏ பட்டியலில் எஸ்எச்ஏ-256ஐத் தெரிவுசெய்யுங்கள். வரும் நீண்ட சரிபார்ப்பு எண்ணை ஒரு குறிப்புக் கோப்பில் சேமித்து, அச்சடித்துப் பெட்டிக்குள்ளும் வையுங்கள். ஒவ்வொரு வருடமும் புரட்டாதிக்குள், மாரி தொடங்குமுன், ஒவ்வொரு கொப்பியிலும் அந்த எண்ணைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் அந்தக் கொப்பி கெட்டுவிட்டது. அன்றைக்கே மற்றதிலிருந்து புதிதாக எழுதுங்கள்.